ஒன்றியம் தரம் உயர்த்திய குளிர்காலம்

ரொறொன்ரோ அணியிடம் தோற்றது யோகேந்திரனுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஒவ்வொரு செப்டெம்பரிலும் தோற்பதுதான். தோற்ற பிறகு இரண்டு அணிகளும் மைதான ஓரத்தில் இருந்து கொத்துரொட்டி சாப்பிடும். ரொறொன்ரோக்காரர் பஸ் ஏறிப் போய்விடுவார்கள். மொன்றியல்காரர் ஈரச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே அடுத்த வருடம் பார்ப்போம் என்பார்கள்.

இந்த முறை ஒன்றியத் தலைவர் சிவநேசம் சாப்பிடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கோல் கம்பங்களையே பார்த்தபடி நின்றார். அவர் சாப்பிடாமல் நிற்பதைக் கண்டு மற்றவர்களும் மெல்ல மெல்லத் தட்டுகளைக் கீழே வைத்தார்கள்.

"பசியில்லையோ அண்ணை?" என்று யோகேந்திரன் கேட்டான்.

"தரம் இல்லாத இடத்தில எனக்குப் பசிக்கிறேல்லைத் தம்பி" என்றார் சிவநேசம்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவேளை எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

மொன்றியல் தமிழர் அவுஸ்திரேலிய விதி உதைபந்தாட்ட ஒன்றியம் என்பது முழுப் பெயர். அதை முழுதாகச் சொல்பவர் சிவநேசம் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அது முட்டைப்பந்து. மெல்பேணில் நீண்ட காலம் இருந்துவிட்டு மகளோடு இங்கே வந்து சேர்ந்த பேரின்பநாதன் கொண்டுவந்த விளையாட்டு. முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். பந்தை உதைக்கலாம், குத்தலாம், கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், மற்றவனுடைய முதுகில் ஏறிப் பாய்ந்தும் பிடிக்கலாம். கோட்-டெ-நெய்ஜில் ஓர் அணி, லொங்குய்யில் ஓர் அணி, கர்க்லாண்டில் ஓர் அணி. கர்க்லாண்டில் வீடு வைத்திருந்த சிவநேசம் ஒருநாளும் விளையாடியதில்லை. ஆனால் மூன்று அணிகள் இருந்தால் ஒரு தலைவர் வேண்டும் என்று முதலில் சொன்னவர் அவர்தான்.

யோகேந்திரன் கோட்-டெ-நெய்ஜ் அணியின் பின்வரிசையில் நின்றான். வார நாட்களில் லொங்குய்யில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் தொலைபேசிக்கு முன்னால் இருந்து, நிலவறையில் தண்ணீர் புகுந்தவர்களுக்கும் கூரை ஒழுகியவர்களுக்கும் அது ஒப்பந்தத்தில் அடங்காது என்று பணிவாகச் சொல்வது அவனுடைய வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் யாருக்கும் இல்லை என்று சொல்லத் தேவையில்லை. பந்து உயர்ந்து வரும்போது அவன் குனிந்து கொடுப்பான். றொக்சன் பின்னாலிருந்து ஓடிவந்து அவனுடைய தோளில் காலை ஊன்றி வானத்தில் எழும்பிப் பந்தைப் பிடிப்பான். மன்னார்க் குடும்பத்துப் பெடியன். ஒன்றியத்திலேயே அவனைப் போல் பாய ஆளில்லை. ஆட்டம் முடிந்து குளிக்கும்போது தோளில் இருக்கும் சப்பாத்துத் தடத்தை யோகேந்திரன் கண்ணாடியில் பார்ப்பான். அதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது. ஒருவரிடமும் சொன்னதில்லை.

நவம்பரில், முதல் பனி கொட்டிய கிழமை, ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் விசேட பொதுக்கூட்டம் கூடியது. மங்கள விளக்கேற்றினார்கள். மௌன அஞ்சலி செய்தார்கள். வரவேற்புரை, அதற்கு ஒரு நன்றியுரை, பிறகு தலைமையுரை.

"அன்பான வீரர்களே" என்றார் சிவநேசம். "நாங்கள் ஏன் தோத்தம்? ரொறொன்ரோ நல்லா விளையாடினதால எண்டு சிலர் சொல்லுகினம். அது அவதூறு. எங்களுக்குள்ள தரம் குறைஞ்ச ஆக்கள் இருக்கினம். ஆர் எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் எல்லாரையும் சந்தேகப்படுறன். இதைவிட நியாயமாய் ஒரு தலைவர் நடக்கேலுமோ?"

கைதட்டினார்கள். யோகேந்திரனும் தட்டினான். பக்கத்தில் இருந்த றொக்சன், "என்னண்ணை சொல்லுறார்?" என்று காதுக்குள் கேட்டான்.

"தெரியேல்லை. தட்டு."

தர உயர்வுக் குழு அமைக்கப்பட்டது. ஆட்டம் இல்லாத குளிர்கால மாதங்களில் ஒவ்வொரு வீரரையும் குழு பரிசீலிக்கும். தரத்தில் நிற்பவர்கள் வசந்தத்தில் விளையாடுவார்கள். மற்றவர்கள் நீக்கப்பட மாட்டார்கள். இந்த இடத்தில் செயலாளர் கீர்த்திகன் எழும்பித் திருத்தம் சொன்னார். அவர் ஒரு பெரிய கம்பனியில் மனிதவளப் பிரிவில் இருந்தவர். மென்மையான குரல்.

"நீக்கிறது எண்ட சொல்லே எங்களிட்ட இல்லை. ஓய்வில வைக்கிறம். ஓய்வு நல்லதுதானே."

பரிசீலனைக்கு ஒரு பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபம் கிடைத்தது. கூரை விளக்குகள் உடையும் என்பதால் அங்கே பந்து கொண்டுவரக்கூடாது என்பது பள்ளிக்கூடத்தின் நிபந்தனை. குழு அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. பந்து இருந்தால் கவனம் சிதறும் என்றார் சிவநேசம்.

முதலாவது ஞாயிறு எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார்கள். சிவநேசம் வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார். திரும்பி நடந்தார். சப்பாத்துச் சத்தம் மட்டும் கேட்டது. யோகேந்திரனுக்கு முன்னால் நின்றார்.

"இவரைப் பற்றி ஏதாவது முறைப்பாடு வந்ததோ?"

"இல்லை" என்றார் கீர்த்திகன்.

"பாராட்டு?"

"ஒருநாளும் இல்லை."

சிவநேசம் யோகேந்திரனின் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. "இதுதான்" என்றார். "இவ்வளவு காலமும் எங்கட கண்ணுக்கு முன்னால நிண்டிருக்கு. இதுதான் தரம்."

யோகேந்திரன் திரும்பிப் பார்த்தான், பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களோ என்று. சுவர்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவனுக்கு மண்டபத்தின் நடுவில் இடம். ஒவ்வொரு வீரரையும் அவனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். குழு இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். பிறகு யோகேந்திரனிடம் ஒரு கேள்வி கேட்கும். ஒரே கேள்விதான்.

றொக்சனைக் கொண்டுவந்தார்கள்.

"இவர் உங்களைப் போல விளையாடுவாரோ?" என்று கீர்த்திகன் கேட்டார்.

யோகேந்திரனுக்குச் சந்தோஷமாக இருந்தது. உதவி செய்யக் கிடைத்த சந்தர்ப்பம். "சீச்சீ, இல்லை" என்றான். "என்னைவிட எவ்வளவோ திறமாய் விளையாடுவார். இவரை மாதிரி இஞ்ச ஒருத்தரும் இல்லை."

"இல்லை எண்டு தரம் சொல்லுது" என்றார் சிவநேசம். "ஒருத்தரும் இவரை மாதிரி இல்லை எண்டால், இவர் ஒருத்தரை மாதிரியும் இல்லை. இப்பிடி ஒரு ஆள் நடுவில நிண்டால் மிச்ச ஆக்களின்ர தரம் என்ன ஆகும்? மற்றவையைத் தாழ்த்துறதுக்காகப் பாய்ஞ்சு பாய்ஞ்சு பிடிக்கிறார்."

"அண்ணை, நான் அப்பிடிச் சொல்லேல்லை…"

"சொன்னதைத்தான் எழுதியிருக்கிறம்" என்றார் கீர்த்திகன் மென்மையாக. "றொக்சன், நன்றி. நல்ல ஓய்வு எடுங்கோ."

றொக்சன் யோகேந்திரனைப் பார்த்தான். கோபம் இல்லை, ஏதோ புரியாத மொழியில் எழுதியதை வாசிப்பது போன்ற பார்வை. ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு பனிக்குள் போனான்.

அடுத்ததாகத் தனுஜனைக் கொண்டுவந்தார்கள். புதிதாகச் சேர்ந்தவன், பந்தை நெஞ்சில் வாங்கி விழுபவன். இந்த முறை யோகேந்திரன் கவனமாகப் பேச நினைத்தான். "பழகினால் நல்லா வருவார்" என்றான்.

"இன்னும் வரேல்லை" என்று கீர்த்திகன் எழுதிக்கொண்டார்.

பிறகு வந்தவர்களுக்கு யோகேந்திரன் வாயே திறக்கவில்லை. தரம் மௌனம் சாதிக்கிறது, சொல்ல எதுவும் இல்லாத அளவுக்கு இவர் மோசம் என்று அதுவும் எழுதப்பட்டது. ஒருமுறை, லொங்குய்க்காரர் ஒருவருக்கு, "ஓம், அப்பிடியே என்னைப் போலத்தான்" என்று பொய் சொன்னான். குழு மகிழ்ந்தது. பிறகு சிவநேசம் யோசித்தார். ஒரே தரத்தில் இருவர் இருந்தால் எது அசல் என்று குழப்பம் வரும். லொங்குய்க்காரரும் ஓய்வுக்குப் போனார்.

தை மாதத்தில் வட்ஸ்அப் குழுமத்தில் சத்தம் குறையத் தொடங்கியது. ஒவ்வொரு மாலையும் யாரோ அகற்றப்பட்டார் என்ற ஒரு வரி வரும். அதற்குக் கீழே ஒருவரும் எதுவும் எழுதமாட்டார்கள். காலை வணக்கப் படங்கள் அனுப்புபவர்கூட நிறுத்திவிட்டார். கோட்-டெ-நெய்ஜ் தமிழ்க் கடையில் யோகேந்திரன் நுழைந்தால் மரக்கறிப் பக்கத்துப் பேச்சு நின்றுவிடும். கர்க்லாண்ட் அணியின் நடுவரிசைக்காரருடைய மனைவி கஜந்தினி அக்கா கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டுக் கிட்ட வந்தார்.

"தம்பி, இவரை உங்களுக்குப் பக்கத்தில நிப்பாட்டேக்க கொஞ்சம் கூனி நிக்கச் சொல்லட்டோ? நிமிந்து நிக்கச் சொல்லட்டோ? எது நல்லம்?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"எங்களுக்குச் சொல்லமாட்டியள். சரி" என்று அவர் போய்விட்டார்.

அரிசி மூட்டைகளுக்கு அருகே கீர்த்திகன் நின்றிருந்தார். எதையும் வாங்கவில்லை. யோகேந்திரன் ஒரு மூட்டையைத் தூக்கி வண்டிலில் வைத்ததைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பாரம் தூக்காதேங்கோ. தசை வைக்கும்."

"வச்சால் என்ன?"

"தரம் உயர்ந்திடும். பேந்து எல்லாரையும் திரும்பப் பரிசீலிக்க வேணும். கொழுக்கவும் கூடாது, மெலியவும் கூடாது. ஓடாதேங்கோ. தடிமன் வராமப் பாத்துக்கொள்ளுங்கோ. உங்களை நம்பித்தானே ஒன்றியம் நிக்குது."

அரிசி மூட்டையை அவரே காருக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த அன்புதான் யோகேந்திரனை அதிகம் பயமுறுத்தியது.

வீட்டில் மனைவி வித்தியா, தான் வேலை செய்யும் கார்டெறி என்ற பிள்ளைகள் காப்பகத்தில் இருந்து களைத்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தாள். நாள் முழுதும் சின்னப் பிள்ளைகளை மேய்ப்பவள். யாருக்கும் சட்டென்று பயப்படமாட்டாள்.

"உங்கட ஆக்கள் வெளியில காருக்குள்ள இருக்கினம்" என்றாள். "நேற்றும் இருந்தவை. நீங்கள் எத்தனை இடியப்பம் சாப்பிடுறியள் எண்டு என்னட்டக் கேக்கினம்."

"என்ன சொன்னனீர்?"

"போய் உங்கட வீட்டில எண்ணுங்கோ எண்டன்." அவள் கதிரையில் இருந்தாள். "றொக்சன்ர தாய் என்னைக் கண்டும் காணாத மாதிரி பஸ்ஸில திரும்பி நிண்டவா. எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. இதை விட்டிட்டு வாங்கோவன். பந்து இல்லை, ஓட்டம் இல்லை. இதில உங்களுக்கு என்ன கிடக்கு?"

அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மண்டபத்தின் நடுவில் அவனை நிறுத்தியிருந்தார்கள்.

இருந்தாலும் அடுத்த ஞாயிறு சிவநேசத்திடம் போனான். "அண்ணை, நான் விலகிறன்" என்றான்.

சிவநேசம் கோபிக்கவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"தம்பி, வடிவா யோசியுங்கோ. உங்களை வச்சுத்தானே இத்தனை பேரை ஓய்வில விட்டனாங்கள். நீங்கள் போனால் அது எல்லாம் அநியாயம் எண்டு ஆகிடும். இப்ப அது அநியாயம் இல்லை. அநியாயமாக்கப் போறது நீங்கள்தான். அந்தப் பழியை உங்கட தலையில போட எனக்கு மனம் வரேல்லை. தேத்தண்ணியைக் குடியுங்கோ. சீனி போடேல்லை."

யோகேந்திரன் குடித்தான். வெளியே வரும்போது தான் ஏதோ ஒன்றுக்கு ஒப்புக்கொண்டுவிட்டதாகத் தோன்றியது. எதற்கு என்று விளங்கவில்லை.

பங்குனியில் பேரின்பநாதனுக்குப் பாராட்டு விழா வைத்தார்கள். விளையாட்டை இந்த நகரத்துக்குக் கொண்டுவந்தவர் என்று மாலை போட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். சிவநேசம் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தப் பெரியவர் இல்லையெண்டால் எங்களுக்கு இந்த விளையாட்டு இல்லை. இந்த விளையாட்டு இல்லையெண்டால் நாங்கள் தோத்திருக்கவும் மாட்டம். எங்கட தோல்விகளின் தந்தை இவர். அவரை இண்டைக்கு முழு மரியாதையோட நிரந்தர ஓய்வில வைக்கிறம். இனிமேல் மைதானப் பக்கம் வந்து அவர் கஷ்டப்படத் தேவையில்லை. வந்தால் மனவருத்தத்தோட திருப்பி அனுப்பவேண்டி வரும்."

கைதட்டல் எழுந்தது. பேரின்பநாதன் மாலையோடு நின்றார். முதலில் அவரும் தட்டினார். பாதியில் கைகள் நின்றன. மேடையில் தரத்துக்கென்று போடப்பட்ட இடத்தில் இருந்த யோகேந்திரனைத் தேடிப் பார்த்தார்.

"யோகன், இவை என்னை என்ன செய்யினம்?" என்றார். ஒலிவாங்கி அதையும் பிடித்து மண்டபம் முழுக்கச் சொன்னது.

யோகேந்திரன் எழும்ப நினைத்தான். முழங்கால் பாதிவரை நிமிர்ந்தது. கீர்த்திகன் பின்னாலிருந்து அவனுடைய தோளில் கை வைத்தார். அழுத்தவில்லை, வைத்தார், அவ்வளவுதான். யோகேந்திரன் இருந்துவிட்டான்.

வைகாசி முதல் ஞாயிறு கர்க்லாண்ட் மைதானத்தில் புதிய பருவம் தொடங்கியது. புல் வெட்டியிருந்தது. கம்பங்களுக்குப் புது வெள்ளை அடித்திருந்தது. வெள்ளை அங்கி போட்ட கோல் நடுவர்கள் கொடிகளோடு விறைப்பாக நின்றார்கள். குழுவினரின் குடும்பங்கள் வந்திருந்தன. காற்று இல்லை. யோகேந்திரன் ஜேர்சியோடு மைதானத்துக்குள் நடந்து நடுவில் போய் நின்றான். மற்ற வீரர்களுக்காகக் காத்திருந்தான்.

"பெருமையோட அறிவிக்கிறன்" என்று ஒலிபெருக்கி சொன்னது. "இண்டைக்கு இந்த மைதானத்தில தரத்துக்குக் கீழ ஒருத்தரும் இல்லை. தரத்துக்கு மேலயும் ஒருத்தரும் இல்லை. ரொறொன்ரோவில இதைச் செய்து காட்டச் சொல்லுங்கோ பாப்பம்!"

சைரன் ஊதியது. நடுவர் பந்தைத் தரையில் அடித்து உயர எழுப்பினார். அது எழுந்து விழுந்து தானாக உருண்டு நின்றது. யோகேந்திரன் அதை எடுத்தான். உதைப்பதற்கு ஆள் தேடினான். வெறும் புல், சுற்றிலும் முகங்கள். கடைசியில் கம்பங்களை நோக்கி உதைத்தான். பந்து கோணலாகப் போய் ஓரக் கம்பத்துக்கும் நடுக் கம்பத்துக்கும் இடையில் நுழைந்தது. அங்கி போட்டவர் ஒரே ஒரு புள்ளி என்று ஒரு விரலைக் காட்டிக் கொடியசைத்தார். எல்லோரும் எழும்பித் தட்டினார்கள். அந்தத் தட்டலில் ஓசையைவிட ஒழுங்குதான் அதிகம் இருந்தது.

அப்போது மரவேலிக்கு அப்பாலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. யாரோ உயரப் பாய்ந்து பந்தைப் பிடிக்கும்போது மட்டும் எழும் கூச்சல். யோகேந்திரன் வேலியை நோக்கி நடந்தான். பிறகு ஓடினான்.

"தரம் மைதானத்தை விட்டு வெளியேறுது" என்றது ஒலிபெருக்கி. "பார்வையாளர்கள் பதட்டப்பட வேண்டாம். ஆட்டம் தொடருது."

திரும்பிப் பார்த்தான். உண்மையாகவே தொடர்ந்தது. நடுவர் வெறும் மைதானத்தில் விசில் ஊதி ஓடிக்கொண்டிருந்தார். எல்லோருடைய தலைகளும் அவரோடு சேர்ந்து திரும்பின.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடப் புல்வெளி. கம்பம் இல்லை, சப்பாத்துப் பைகளை வைத்து எல்லை போட்டிருந்தார்கள். ஓய்வில் வைக்கப்பட்ட எல்லோரும் இருந்தார்கள்: லொங்குய்க்காரர், கஜந்தினி அக்காவின் புருஷன், சேறு படிந்த தனுஜன், மார்பில் பந்தை அணைத்தபடி றொக்சன். ஓரத்தில் பேரின்பநாதன். யோகேந்திரனைக் கண்டதும் ஆட்டம் நின்றது.

"நானும் வரட்டோ?" என்றான் அவன். மூச்சு வாங்கியது.

தனுஜன்தான் முதலில் பேசினான். "நான் இன்னும் வரேல்லை எண்டு சொன்னனீங்கள் அண்ணை."

"நான் அப்பிடிச் சொல்லேல்லையடா. அவை எழுதினது."

"நீங்கள் நிண்டனீங்கள்தானே" என்றான் றொக்சன். சத்தமில்லாமல் சொன்னான். "ஒருக்கா அங்காலப் போயிருந்தால் அவையால எங்களை ஆரோட வச்சுப் பாத்திருக்கேலும்?"

"ஓம்" என்றான் யோகேந்திரன். "நிண்டனான். பிழைதான்."

றொக்சனுடைய முகம் கொஞ்சம் இளகியது. பந்தைக் கையில் உருட்டினான். அதை எறியப் போகிறான் என்று நினைத்து யோகேந்திரன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

பேரின்பநாதன் தொண்டையைச் செருமினார்.

"பொறு தம்பி. அவரை எடுக்கிறதில எனக்கொரு பிரச்சினையும் இல்லை. ஆனால் ஒரு ஒழுங்கு வேணும். கண்டபாட்டுக்கு ஆக்களை எடுத்தால், கண்டபாட்டுக்கு எங்களை விலத்தின அவையளுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? இருந்து கதைச்சு ஒரு முடிவுக்கு வருவம்."

"அதுவும் சரிதான்" என்றார் லொங்குய்க்காரர்.

"ஆர் தலைமை தாங்கிறது?" என்று யாரோ கேட்டார்கள்.

எல்லோரும் பேரின்பநாதனைப் பார்த்தார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தார். பிறகு சேட்டுக் கழுத்தைச் சரிசெய்துகொண்டார். தனுஜன் ஓடிப்போய்க் காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு மடக்குக் கதிரையைக் கொண்டுவந்து புல்லில் விரித்து வைத்தான். திரும்பிப் போய் இன்னும் இரண்டு கொண்டுவந்தான்.

"யோகேந்திரன், நீங்கள் கொஞ்சம் தள்ளி நிக்கிறியளே?" என்றார் பேரின்பநாதன் அன்பாக. "கூப்பிடுவம்."

யோகேந்திரன் தள்ளி நின்றான். றொக்சன் பந்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு குனிந்து அதைத் தலைவரின் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தான்.